மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியார் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் மாற்றுத்திறனாளிகளைத் திறந்த வேலைச் சந்தையில் வேலைக்குச் சேர்த்துவிடும் பணியை 11 வருடமாகச் செய்து வருகிறேன். தினமும் நாலைந்து பேராவது போன் செய்கிறார்கள். பெற்றோர், அண்ணன் தம்பி, கம்பெனி ஹெச்.ஆர்., சில நாள் வேலை தேடுபவரே. கேட்பவர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அதேதான். போனில் சொல்லும் பதில்களையே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

திறந்த வேலைச் சந்தை என்கிறீர்களே, அது என்ன?

எல்லோரும் நுழையும் அதே கேட், அதே அட்டெண்டன்ஸ், அதே சம்பளப் பட்டியல். அவ்வளவுதான். ரொம்ப காலமாக நம் ஊரில் மாற்றுத்திறனாளிக்கு வேலை என்றாலே ஒரு தனிக் கூடம், அதில் மெழுகுவத்தி, சாக்பீஸ், காகிதக் கவர் என்று இருந்தது. அந்தக் கூடங்கள் பலருக்கு நிழல் கொடுத்தன, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அங்கே பெரும்பாலும் கிடைப்பது ஊக்கத்தொகை. சம்பளம் என்று சொல்லும் அளவுக்கு இருக்காது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 27-ஆவது பிரிவு, எல்லோருக்கும் திறந்திருக்கும் வேலையில் பிழைக்கும் உரிமையைச் சொல்கிறது. இந்தியா 2007-லேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

அரசு வேலையில்தான் இடஒதுக்கீடு இருக்கிறதே, அதற்குக் காத்திருக்கலாமே?

தேர்வு எழுதட்டும், கட்டாயம் எழுதட்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கியிருக்கிறது. பார்வைக் குறைபாட்டுக்கு 1, செவித்திறன் குறைபாட்டுக்கு 1, கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு 1. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து மீதி 1. பழைய 1995 சட்டத்தில் மொத்தமே 3 சதவீதம்தான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அதில் ஒன்றுமே கிடையாது.

ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அரசு வேலை எத்தனை பேருக்கு எட்டும்? டி.என்.பி.எஸ்.சி.யில் வயதுத் தளர்வு 10 வருடம் இருப்பதாலேயே, இன்னும் காலம் இருக்கிறது என்று நாற்பதை நெருங்கும் வரை வீட்டில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த வருடங்களில் ஒருவர் சம்பாதிக்காமல் போகும் பணத்தை விட, நாலு பேரோடு நின்று வேலை செய்யும் பழக்கம் போய்விடுகிறதே, அதுதான் எனக்கு வலிக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே தேர்வு எழுதுபவர்களைத்தான் நான் அதிகம் உற்சாகப்படுத்துகிறேன்.

தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடு உண்டா?

கட்டாய ஒதுக்கீடு இல்லை. மொத்த ஆட்களில் குறைந்தது 5 சதவீதம் பேரையாவது மாற்றுத்திறனாளிகளாகச் சேர்க்கும்படி தனியாருக்கு அரசு ஊக்கச் சலுகை தர வேண்டும் என்று அதே 2016 சட்டத்தின் 35-ஆவது பிரிவு சொல்கிறது. அது கம்பெனியைக் கட்டாயப்படுத்தாது.

பலருக்குத் தெரியாத இன்னொரு பிரிவு இருக்கிறது, 21-ஆவது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால், எந்தெந்த வேலை மாற்றுத்திறனாளிக்கு ஏற்றது, என்ன வசதி செய்து தருவோம், எப்படி ஆள் எடுப்போம், இதற்குப் பொறுப்பான தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு கம்பெனிக்குப் போனதும் நான் முதலில் மரியாதையாகக் கேட்பது, "சார், உங்க சமவாய்ப்புக் கொள்கையைப் பார்க்கலாமா?" என்றுதான். இல்லை என்றால் நானே ஒரு மாதிரி எழுதிக் கொடுக்கிறேன். அதை எழுத உட்காரும்போதே எந்த வேலையில் யாரை வைக்கலாம் என்ற பேச்சு ஆரம்பித்துவிடும்.

என்ன சான்று வேண்டும்?

யூ.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனி அடையாள அட்டை. மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மருத்துவர் பார்த்த பிறகு கிடைக்கும். சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஒதுக்கீடும் பெரும்பாலான சலுகைகளும். அப்புறம் ஒரு விஷயம். அட்டையில் இருக்கும் சதவீதத்தை வைத்து வேலைத் திறனைக் கணக்கிடாதீர்கள். 80 சதவீதம் என்று போட்டிருப்பவர் முழு நேரம் வேலை செய்வதையும், 45 சதவீதக்காரர் பஸ் ஏற முடியாமல் வீட்டிலேயே இருப்பதையும் ஒரே தெருவில் பார்த்திருக்கிறேன்.

என் பையனுக்கு அறிவுசார் குறைபாடு. அவனுக்கு என்ன வேலை பொருந்தும்?

அதிகம் வரும் கேள்வி இது. இந்தக் குறைபாட்டுக்கு இந்த வேலை என்று பட்டியல் போட என்னால் முடியாது. ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன்.

24 வயது. வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா, "இவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். பேசிக்கொண்டே பார்த்தேன். கட்டில் மேல் துணி அடுக்கியிருந்தது, ஒவ்வொரு சட்டையும் ஓரத்தோடு ஓரம் சேர்ந்து, காலர் ஒரே பக்கம் பார்த்து. யார் மடித்தது என்று கேட்டேன். "அவன்தான். மடிக்கலைன்னா தூங்க மாட்டான்" என்றார். அம்மாவுக்கு அது தொந்தரவாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு பனியன் கம்பெனியின் பேக்கிங் டேபிள் கண்ணில் வந்தது.

கம்பெனியில் பேக்கிங் என்றால் மடிப்பது, அட்டை வைப்பது, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டுவது, கவரில் போடுவது, பத்துப் பத்தாக எண்ணிக் கட்டுவது எல்லாம் ஒரே ஆள் செய்வார்கள். நான் ஒரு நாள் முழுக்க அந்த டேபிள் பக்கத்தில் நின்று வேலையைத் துண்டு துண்டாக எழுதினேன். மடிப்பதும் அட்டை வைப்பதும் அவனுக்கு வரும். சைஸ் எழுத்து வராது. பத்து எண்ண வராது. சூப்பர்வைசர் அக்காவிடம் பேசி, ஸ்டிக்கரைப் பக்கத்து ஆளுக்கு மாற்றினோம். டேபிளில் சாக்பீஸால் பத்துக் கட்டம் போட்டோம். கட்டத்துக்கு ஒரு பீஸ், எல்லாக் கட்டமும் நிறைந்தால் ஒரு கட்டு. எண்ண வேண்டியதில்லை. செலவு ஒரு சாக்பீஸ்.

முதல் வாரம் மற்றவர்கள் மடிப்பதில் பாதிதான் வந்தது. டீ டைம் சைரன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு டேபிள் அடியில் போய்விடுவான். சைரனிலிருந்து தள்ளி மூலையில் நிறுத்தினோம். அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் பக்கத்து அக்கா அவன் தோளைத் தொட்டுச் சொல்லிவிடுவார். மூன்றாவது மாதம் மற்றவர்களுக்குச் சமமாக வந்துவிட்டான். இப்போது அவன் கட்டிய கட்டை யாரும் பிரித்து எண்ணிப் பார்ப்பதில்லை.

அதனால் உங்கள் பையனுக்கு என்ன பொருந்தும் என்று கேட்டால், வீட்டில் யாரும் சொல்லாமல் அவனே செய்வது என்ன என்று ஒரு வாரம் கவனித்து எழுதி வாருங்கள். தொந்தரவு என்று நினைப்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

முதலில் ஒரு வருடம் பயிற்சி கொடுத்துவிட்டு வேலைக்கு அனுப்பலாமா?

தையல், கம்ப்யூட்டர் மாதிரித் தொழில் கற்றே ஆக வேண்டிய வேலைக்குச் சரி. மற்றபடி, அறிவுசார் குறைபாடோ மனநோயோ உள்ளவர்களுக்கு வேலை நடக்கும் இடத்திலேயே கற்றுக்கொடுப்பதுதான் பலிக்கிறது. பயிற்சிக் கூடத்தில் கற்றது கம்பெனி வாசலில் மறந்துபோகும். அங்கே மெஷின் வேறு, வெளிச்சம் வேறு, சத்தம் வேறு. அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் 1990-களில் மனநோய் உள்ளவர்களுக்காக உருவாக்கிய முறையும் இதுதான். முதலில் அவர் விரும்பும் வேலையில் சேர்த்துவிடு, பிறகு கூடவே நில்.

மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர் வேலைக்குப் போகலாமா?

போகலாம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் போன்ற மனநல அமைப்புகள் மருந்தோடு மறுவாழ்வுக்கும் சேர்த்து வேலை செய்து வருகின்றன. நடைமுறையில் நான் பார்க்கும் சிக்கல் ஒன்றுதான். இரவு மாத்திரை காலையில் விழிக்க விடாது. எட்டரை மணி ஷிஃப்டுக்கு நாலு நாள் தாமதம், ஐந்தாம் நாள் வேலை போய்விடும். பத்து மணிக்கு ஆரம்பிக்கும் வேலையைத் தேடுங்கள். மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் மருந்தை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

பார்வையில்லாதவர் கம்ப்யூட்டர் வேலை எப்படிச் செய்வார்?

திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் மென்பொருளை வைத்து. ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத இரண்டு இளைஞர்கள் 2006-ல் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் படிக்கும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் இருக்கிறது.

ஆளுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா என்று எல்லோரும் சோதிக்கிறார்கள், கம்பெனி மென்பொருளைச் சோதிப்பதில்லை. நன்றாக டைப் செய்யும் ஒரு பெண்ணை ஒரு கால் சென்டரில் சேர்த்தோம். வேலை சுலபமாக வந்தது. ஆனால் லீவு கேட்கும் பக்கத்தில் பட்டன்களுக்குப் பெயரே கொடுக்கவில்லை. அவர் காதில் "பட்டன், பட்டன், பட்டன்" என்றே கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் பக்கத்து சீட்டைக் கூப்பிட வேண்டியிருந்தது. மென்பொருள் பையன் ஒரு மதியத்தில் சரி செய்துவிட்டான். அதற்காக மூன்று மாதம் காத்திருந்தோம். சேரும் முன்பே அட்டெண்டன்ஸ், லீவு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

காது கேளாதவர்கள் ஏன் சீக்கிரம் நின்றுவிடுகிறார்கள்?

இந்தக் கேள்வியை ஹெச்.ஆர்.கள் கேட்பார்கள், கொஞ்சம் குற்றம் சொல்லும் குரலில். நான் ஒரு சம்பவம் சொல்வேன். ஒரு மில்லில் நாளைக்கு லீவு என்று மைக்கில் அறிவித்தார்கள். நாங்கள் சேர்த்துவிட்ட பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் டிபன் பாக்ஸோடு நின்றார். அடுத்த மாதம் நின்றுவிட்டார். வேலை கஷ்டம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மைக்கில் சொல்வதை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அந்த லைனில் இருப்பவர்களுக்கு முப்பது சைகையாவது கற்றுக்கொடுங்கள். சாப்பாடு, லீவு, ஓவர்டைம், வலிக்கிறது, நல்லா இருக்கு. இரண்டு மணி நேரம் போதும். தீ அலாரத்தோடு விளக்கும் எரிய வேண்டும். முடிந்தால் காது கேளாதவர்களை இரண்டு பேராகச் சேருங்கள், மதியச் சாப்பாட்டில் பேச ஒரு ஆள் வேண்டும் இல்லையா?

நேர்காணலில் குறைபாட்டைச் சொல்ல வேண்டுமா?

வெளியே தெரிவது என்றால் நீங்களே முதலில் பேசிவிடுங்கள். எது வராது என்பதோடு நிறுத்தாமல் எப்படிச் செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "வலது கை தூக்க வராதுங்க, இடது கையில் பில்லிங் பண்ணுவேன், ஸ்கேனரை மட்டும் இந்தப் பக்கம் வைக்கணும்." இப்படிச் சொன்னால் எதிரே இருப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். வெளியே தெரியாதது என்றால், வேலைக்கு ஏதாவது மாற்றம் தேவைப்பட்டால் சொல்லுங்கள். வலிப்பு வருபவர் ஓடும் மெஷின், உயரம், கொதிக்கும் சாயத் தொட்டி பக்கம் வேலை என்றால் மறைக்கவே கூடாது.

முதலாளியாகக் கேட்கிறேன். எவ்வளவு செலவாகும்?

மேலே சொன்ன சாக்பீஸ், வாட்ஸ்அப், ஸ்கேனர் இடம் மாறியது, இதெல்லாம்தான் பெரும்பாலும் தேவைப்படுவது. தகுந்த ஏற்பாடு என்று சட்டம் சொல்வதும் இப்படிப்பட்டதைத்தான், மற்றவர்களுக்குச் சமமாக அவர் வேலை செய்யத் தேவையான மாற்றம், உங்கள் தலையில் தாங்க முடியாத சுமை ஏற்றாத அளவில். 2021-ல் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது ஒவ்வொரு ஆளையும் பார்த்து, அவரிடமே பேசி முடிவு செய்ய வேண்டியது என்று தெளிவாகச் சொன்னது. செலவாகக்கூடியவை சாய்தளமும் கழிப்பறையும். தரைத்தளத்தில் ஒரு கழிப்பறையைச் சரி செய்துவிட்டால் கர்ப்பிணிகளும் முழங்கால் வலிக்காரர்களும்கூட உங்களை வாழ்த்துவார்கள்.

கழிப்பறை இல்லாத இடத்தில் சக்கர நாற்காலிப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். உங்களிடம் சொல்ல மாட்டார்கள். நீங்களே போய்க் கதவின் அகலத்தை அளந்து பாருங்கள்.

சம்பளம் குறைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. பீஸ் ரேட் என்றால் எல்லோருக்கும் உள்ள அதே ரேட். ஷிஃப்ட் சம்பளம் என்றால் அதே ஷிஃப்ட் சம்பளம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. முதல் நாளிலிருந்தே. இ.எஸ்.ஐ.க்கு மற்றவர்களுக்கு மாதச் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிக்கு 25,000. இது பல கணக்குப் பிரிவுகளுக்குத் தெரியாமல் விடுபட்டுப் போகிறது, கேட்டு வாங்குங்கள். "வேலை கொடுத்ததே பெரிசு" என்று பேசும் இடத்துக்கு நான் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டேன்.

வேலையில் சேர்த்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது, இல்லையா?

அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் வாரம் கூடவே நிற்கிறோம். இரண்டாம் வாரம் அரை நாள். அப்புறம் வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை, பிறகு போன். நாங்கள் விலக விலக, அந்த இடத்தில் பக்கத்து டேபிள்காரர் வர வேண்டும். அவர் கிடைத்துவிட்டால் வேலை நிலைத்தது என்று அர்த்தம்.

வேலை போவது பெரும்பாலும் வேலை தெரியாததால் இல்லை. அந்த பேக்கிங் பையனையே எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். மூன்று சனிக்கிழமை அவன் வீட்டுக்கு நூறு, நூற்றைம்பது குறைவாகவே கொண்டுவந்தான். கம்பெனியில் ஏமாற்றுகிறார்கள் என்று அப்பா வேலையை நிறுத்தப் பார்த்தார். போய் விசாரித்தால், கூட வேலை செய்யும் ஒருவர் கைமாத்து வாங்கியிருக்கிறார். இவனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. பேசித் திருப்பி வாங்கினோம், சம்பளத்தை பேங்க் கணக்குக்கு மாற்றினோம், "எங்க அம்மாவைக் கேளுங்க" என்று சொல்லப் பழக்கினோம். மடிப்பதைக் கற்றுக்கொடுத்ததைவிட இந்த மூன்று வார்த்தைக்குத்தான் அதிக நாள் ஆனது.

பெண்ணைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்பப் பயமாக இருக்கிறது.

அந்தப் பயத்தில் ஒரு தவறும் இல்லை. பயணத்தையும் வேலை மாதிரியே பழக்குகிறோம். முதலில் பக்கத்து சீட்டில், பிறகு அதே பஸ்ஸில் பின்னால், பிறகு நிறுத்தத்தில் மட்டும். தடம் மாறினால் என்ன செய்வது, யாருக்கு போன் செய்வது என்று வேண்டுமென்றே ஒருநாள் நிறுத்தம் தாண்டி இறங்க வைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை. இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டு வேலைக்குப் போகிறவர்கள், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

உதவித்தொகை நின்றுவிடுமா?

முதலில் எந்த உதவித்தொகை வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். வருவாய்த் துறை கொடுக்கும் ஓய்வூதியம் வேறு, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வேறு. நிபந்தனையும் வேறு. அனுமதி ஆணையை எடுத்துக்கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வேலையில் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று வேலையை விடாதீர்கள்.

குறைபாட்டைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால்?

நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள், மெசேஜ் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம்.

நீங்கள் இருக்கும் ஊரில் நாங்கள் இல்லை. எங்கே போவது?

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, அங்கே வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாம் எப்போது என்று கேளுங்கள். சென்னை கிண்டியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது, திறனைச் சோதித்து வழிகாட்டுவார்கள். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம். தென்காசிப் பக்கம் என்றால் 1981-லிருந்து இயங்கும் ஆய்க்குடி அமர் சேவா சங்கம். யார் வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

முதல் முறை வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

யூ.டி.ஐ.டி., ஆதார், பேங்க் பாஸ்புக், சாப்பிடும் மருந்துச் சீட்டு. ரெஸ்யூம் இல்லாவிட்டால் இங்கே சேர்ந்து எழுதிக்கொள்ளலாம். வேலை தேடுபவரைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். அம்மாவும் அப்பாவும் மட்டும் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. நான் முதல் கேள்வியை அவரிடம்தான் கேட்பேன். பதில் வர நேரமாகலாம், சைகையில் வரலாம், அட்டையில் எழுதி வரலாம். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாமல் இருங்கள், நான் காத்திருப்பேன்.